அம்மாவின் கையெழுத்தை டாட்டூ குத்தலாம் என்றால் அம்மாவே வேண்டாம் என்கிறார்

கேட்டவர்: சிறுதூறல்

வயது 22, வேலைக்குப் போகிறேன், அதனால் அனுமதி கேட்டு நிற்கும் கட்டம் இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. நான் பள்ளியில் படித்தபோது அம்மாவுக்கு இரவு வேலை. கிளம்பும்போது ஒரு துண்டுச் சீட்டில் "கதவைப் பூட்டு, சீக்கிரம் படு" என்று எழுதி மேசை மேல் வைத்துவிட்டுப் போவார். அதில் ஒன்றை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த "கதவைப் பூட்டு" மட்டும் அப்படியே அவர் எழுத்தில் முன்கையில் வேண்டும். சொன்னதும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தால், "நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அப்புறம் வேலை, கல்யாணம், ஊர் என்ன சொல்லும் என்று வழக்கமான பட்டியல். அப்பா வாயே திறக்கவில்லை. உங்கள் வீடுகளில் எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில்: பழையமரம்

என் மகனும் குத்தியிருக்கிறான், அதனால் அம்மா பக்கத்திலிருந்து பேசுகிறேன். படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது எங்களுக்கு அப்புறம்தான். சின்னதாக ஒரு தடிப்பு வந்தாலே விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து மருந்து தடவிய தோல் அது, அதில் காசு கொடுத்து ஊசியால் குத்திக்கொண்டு வந்து நிற்கும்போது வயிறு கலங்குகிறது, அவ்வளவுதான். அதை நேராகச் சொல்லத் தெரியாமல்தான் ஊர், வேலை, கல்யாணம் என்று சுற்றி வளைக்கிறோம். இன்னொன்று, உனக்கு அந்தச் சீட்டு அன்பு. உன் அம்மாவுக்கு அது பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுப் போன இரவுகளாக இருக்கலாம், யோசித்துப் பார்த்தாயா?

பதில்: ஊசிமுனை

இதுதான் என் தொழில். கையெழுத்து கேட்டு வருபவர்கள் நிறைய, ஆனால் பெரும்பாலும் இறந்தவர்களுடையது, அதனால் உங்கள் அம்மா கேட்டதில் தப்பே இல்லை. குத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். சீட்டில் இருக்கும் அளவிலேயே குத்தச் சொல்லாதீர்கள். மை மேல்தோலில் நிற்பதில்லை, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்தோலில் போய்த் தங்குகிறது. அங்கே நோய் எதிர்ப்புச் செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்ளும், அவை செத்தால் புதிதாக வருபவை அதே மையை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அழியாது, அதே சமயம் வருடங்கள் போகப் போகக் கோடு கொஞ்சம் பரவும். சின்ன எழுத்தாக இருந்தால் 'க' உள்ளே இருக்கும் இடைவெளி, 'வை'யின் சுழிகள் எல்லாம் அடைத்துக்கொண்டு ஒரே கறுப்புப் பொட்டாகிவிடும். சீட்டை ஸ்கேன் செய்து, எழுத்தின் சாய்வு மாறாமல் பெரிதாக்கி ஸ்டென்சில் எடுக்கச் சொல்லுங்கள். விரலில் வேண்டாம், சீக்கிரம் மங்கும். ஊசி புது பாக்கெட்டிலிருந்து உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும், இதில் கூச்சமே பார்க்காதீர்கள், ஹெபடைடிஸ் மாதிரி கல்லீரல் நோயெல்லாம் இந்த வழியில் வரும்.

பதில்: நேர்வழி

எல்லாரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். பிடிக்காவிட்டால் லேசரில் எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: ஒரே நாளில் போகாது, வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை போக வேண்டும், குத்திய செலவைவிட அதிகமாகும், முழுதாகப் போகும் என்றும் உறுதியில்லை. கறுப்பு ஓரளவு சுலபம், பச்சையும் நீலமும் பிடிவாதம், சிவப்பு மை அலர்ஜிக்குப் பெயர் போனது. ராணுவம், போலீஸ் மாதிரி வேலைகளில் உடம்பில் எங்கே இருக்கலாம் என்று பல நாடுகளில் விதி உண்டு. குத்திய பிறகு சில மாதங்கள், சில இடங்களில் ஒரு வருடம் வரை, ரத்ததானம் செய்ய முடியாது. பெற்றவர்கள் பயப்படுவதை எல்லாம் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பதில்: சும்மாஒருவன்

1991ல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்தானே ஓட்ஸி, 5000 வருடத்துக்கு முந்தைய ஆள், அவன் உடம்பில் 61 டாட்டூ. அவன் அம்மாவும் "கல்யாணம் எப்படிடா ஆகும்" என்று கேட்டிருப்பாள்.

சிறுதூறல்:

பழையமரம் அம்மா, நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. நேற்று இரவு அம்மாவிடம் அந்தச் சீட்டைப் பற்றி மட்டும் பேசினேன், டாட்டூ பேச்சே எடுக்கவில்லை. பூட்டினாயா இல்லையா என்று வேலையிடத்திலிருந்து போன் செய்யவும் முடியாமல் தவித்த கதையெல்லாம் வந்தது, அப்பாவும் உட்கார்ந்து கேட்டார். இப்போதும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் இன்று காலையில் அவராகவே, "குத்தினாலும் சட்டைக்கு உள்ளே போற மாதிரி குத்து, எழுத்து கோணலா இருக்கு, வேணும்னா வேற எழுதித் தர்றேன்" என்றார். எனக்கு அந்தக் கோணல்தான் வேண்டும். ஊசிமுனை, முன்கைக்குப் பதிலாகத் தோளுக்குக் கீழே மேல்கையில் குத்தினால் எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும்?