வெள்ளி நோட்டு அட்டையும் பேசும் கைப்பேசியும்: சுங்கை சிப்புட் அனுபவங்கள்

பட்டறைக்காரர்
பார்வையற்றோர் காசைத் தடவி அறிய அட்டை செய்வோருக்கு: மலேசியாவின் 1 வெள்ளி (ரிங்கிட்) நோட்டு 120 மி.மீ. நீளம், 5 வெள்ளி 135, 10 வெள்ளி 140, 20ம் 50ம் 145, 100 வெள்ளி 150. கெட்டியான பிளாஸ்டிக்கை 160க்கு 75 மி.மீ. அளவில் வெட்டி, இடது ஓரத்தில் 5 மி.மீ. அகலப் பட்டை ஒட்டுங்கள். நோட்டின் முனை அதில்தான் முட்டி நிற்கும்; மறுமுனை எந்தக் குறியில் நிற்கிறதோ அதை வைத்து நோட்டை அறியலாம். ஆகவே அளவைப் பட்டையின் உள்விளிம்பிலிருந்து எடுக்கவேண்டும். அட்டையின் முனையிலிருந்து எடுத்தால் 5 மி.மீ. பிசகி, 5 வெள்ளி நோட்டு 10 வெள்ளிக் குறியில் போய் நிற்கும்!

கீழ் விளிம்பில் 135, 145இல் கூர் வெட்டு; 140, 150இல் அரைவட்ட வெட்டு. 120க்குக் குறி வேண்டாம், கைக்கே தெரியும். 20ஐயும் 50ஐயும் பிரிப்பது உயரம்: 65, 69 மி.மீ. கீழ் விளிம்பிலிருந்து 67 மி.மீ.இல் தடித்த நைலான் நூலை ஒட்டினால், 50 வெள்ளி அதை மூடிவிடும், 20 எட்டாது.

பயிற்சி தரும் அக்கா
அண்ணே, வெட்டு 3 மி.மீ. ஆழமாவது இருக்கட்டும். பால்மரம் சீவிய கையில் தோல் தடித்திருக்கும். இனிப்புநீரால் பார்வை போனவர்களுக்கு விரல் நரம்பும் மரத்திருக்கலாம். அவர்களிடம் பிரெயில் புள்ளியை நீட்டிப் பயனில்லை. முனை மடிந்த நோட்டும் ஏமாற்றும். முதலில் நீவிவிடச் சொல்லுங்கள்.

செயலி எழுதுபவர்
கைப்பேசியில் பெரிய தொல்லை பெயரில்லாத படப் பொத்தான். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஆண்ட்ராய்டு வசதியான டாக்பேக் அங்கே வெறுமனே "பெயரில்லாத பொத்தான்" என்றுதான் சொல்லும். அனுப்புவதா அழிப்பதா என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொன்றுக்கும் விளக்கப் பெயர் எழுதுங்கள். தொடும் பரப்பு 48 டிபி (ஆண்ட்ராய்டு திரை அளவு அலகு), ஏறக்குறைய 9 மி.மீ., இருக்கட்டும்.

நம் ஊர்த் திரையில் தமிழும் மலாயும் கலந்தே வரும். மொழிக் குறி இல்லாவிட்டால் தமிழ்க் குரலே மலாயையும் படித்துக் குதறும். மலாய் வரிக்கு 'எம்எஸ்' (ms), தமிழுக்கு 'டிஏ' (ta) குறி போடுங்கள். பணம் கட்டும் பக்கத்தில் நேரம் முடியும் முன் எச்சரித்து, நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி கொடுங்கள். கேட்டுக் கேட்டு நகர்பவருக்கு எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும்.

பட்டறைக்காரர்
கடைக்காரர்களுக்கும் ஒன்று. க்யூஆர் அட்டையைச் சுற்றி மேடான சட்டம் ஒட்டினால் கேமராவை எங்கே காட்டுவதென்று கை கண்டுபிடிக்கும். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம், விளக்கொளி பட்டால் ஸ்கேன் ஆகாது. கார்டு மெஷினில் 5ஆம் எண்மேல் புள்ளி உள்ள பொத்தான் வகையையே கேட்டு வாங்குங்கள். வழுவழு கண்ணாடித் திரையில் ரகசிய எண்ணை (PIN) அடுத்தவரிடம் சொல்லித்தான் போடவேண்டிவரும், அது ஆபத்து.

செயலி எழுதுபவர்
சோதிக்கும்போது கண்ணை மூடினால் போதாது, தன்னால் திறந்துவிடும். மூன்று விரலால் தட்டி டாக்பேக் மெனுவில் 'திரையை மறை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டி, பாசார் மாலாம் (இரவுச் சந்தை) இரைச்சலில் ஒரு பணப் பரிமாற்றத்தை முடித்துப் பாருங்கள்.