மறு: பிளாஸ்மாவுக்குத் தமிழ் – 'பிழம்பு' சரிதானா?

> மின்னல், சூரியன் எல்லாமே பிளாஸ்மாதான். 'பிழம்பு' என்று வைத்தால் ஓசையும் ஒத்துவருகிறதே?

வணக்கம் ஐயா,

அந்த ஓசைதான் ஆளை ஏமாற்றுகிறது. பிழம்பு என்றதும் சூடு முந்திக்கொண்டு வந்துவிடும். எரிகிற ட்யூப்லைட்டைக் கையால் தொடலாம். உள்ளே இருப்பதும் பிளாஸ்மாதான், அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து திரிகிற நிலை. அதில் எலக்ட்ரான்களுக்கு மட்டும் 10,000 டிகிரியை ஒட்டிய வெப்பநிலை, பாதரச அணுக்களோ குழாயின் சூட்டிலேயே கிடக்கும். மெழுகுவத்திச் சுடரைப் பிழம்பு என்று தாராளமாகச் சொல்லலாம். அதைப் பிளாஸ்மா என்பதற்கோ யோசிக்க வேண்டும், அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) அவ்வளவு குறைவு. 'குளிர் பிளாஸ்மா'வை என்ன செய்வீர்கள், குளிர்ப் பிழம்பா? 'பிழம்புத் தொலைக்காட்சி' என்றால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவார்கள்!

1928இல் அமெரிக்க அறிவியலாளர் லாங்மியூர் 'பிளாஸ்மா' என்று பெயர் வைத்தது, அயனியும் எலக்ட்ரானும் ஏறக்குறையச் சம எண்ணிக்கையில் இருக்கிற பகுதிக்கு. சூட்டைப் பற்றிய பேச்சே அதில் இல்லை.

என் வாக்கு 'அயனிமம்'. திண்மம், நீர்மம், வளிமம் என்ற வரிசையில் நான்காவதாக ஒட்டிக்கொள்ளும். 'மின்மம்' இன்னும் அழகு. ஆனால் மின்னூட்டத்துக்கே அதைச் சிலர் எழுதிவருகிறார்கள், குழப்பம் வரும். இரத்தத்தில் உள்ள பிளாஸ்மா வேறு, அதற்குக் 'குருதி நீர்மம்' போதும்.

போன வாரம் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில் ஒரு கேட் பட்டறைக்கு எவர்சில்வர் தகடு வெட்டப் போயிருந்தேன். கேஸ் கட்டிங் போதாதா என்றேன். "சாரே, எஸ்.எஸ்.ல கேஸ் பிடிக்காது, பிளாஸ்மாதான் வைக்கணும்" என்றார் வெட்டுபவர். உண்மைதான்; குரோமியம் ஆக்சைடு உருகாமல் மேலே படிந்து, ஆக்சிஜனை உள்ளே விடாது. கம்பிரசர் காற்று செம்பு நாசிலில் சீறியது, ஆர்க் பிடித்ததும் ஊசி கனத்தில் நீலம், தகடு வெண்ணெய்போல் பிளந்தது. பிளாஸ்மா என்றால் என்ன என்று கேட்டேன். "காத்துல கரண்டு ஓடுது, வேற என்ன?"

இதைவிடச் சுருக்கமாக நான் எழுதியதில்லை.

அவரிடமே 'அயனிமம்' என்று சொல்லிப் பார்த்தேன். அயனி என்றால் என்னவென்று விளக்கியதும், "அது பேட்டரி வெள்ளத்துல உள்ளதுல்லா சாரே?" என்றார். (எங்கள் பக்கம் தண்ணீர் வெள்ளம்தான்.) மாட்டிக்கொண்டேன். உப்புக் கரைசலிலும் அயனி உண்டு. தனித்துத் திரியும் எலக்ட்ரான் அங்கே இல்லை என்பதைச் சொல் காட்டவில்லையே.

அவர் வாக்கிலிருந்தே 'மின்வளி' என்று எடுக்கலாம். கேட்டவுடன் புரியும். ஆனால் வளிமத்தில் ஒரு வகை என்றாகி, நான்காம் நிலை என்பது போய்விடும். இந்த இரண்டில் எந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்? நான் இன்னும் அயனிமத்தின் பக்கம்தான், அரை மனதோடு.