10 இன்ச் சப்வூஃபர்: 40 லிட்டர் பெட்டி செய்தும் ஒரே இடத்தில் ‘பூம்’ என்கிறது, உதவுங்கள்

ஹால்_தியேட்டர்:
வணக்கம். வீட்டு ஹாலில் டிவி பக்கத்தில் வைக்க 10 இன்ச் சப்வூஃபர் (பேஸ் சத்தத்துக்கு மட்டுமான ஸ்பீக்கர்) ஒன்று செய்திருக்கிறேன். ஸ்பீக்கரோடு வந்த தாளில் 40 லிட்டர் பெட்டி, 35 ஹெர்ட்ஸ் டியூனிங் (பெட்டிக் காற்றும் குழாயும் சேர்ந்து பலமாக அதிரும் இடம்) என்று போட்டிருந்தது. ஆசாரியிடம் 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநார் அழுத்திய பலகை) வாங்கிக் கொடுத்து, அகலம் 32, உயரம் 42, ஆழம் 30 செ.மீ. என்று எழுதிக் கொடுத்தேன். பெருக்கினால் 40 லிட்டர் சொச்சம் வருகிறது. போர்ட்டுக்கு, அதாவது பெட்டிக் காற்று வந்துபோகும் வழிக்கு, 90 மி.மீ. பிவிசி குழாய், உள் விட்டம் 8.5 செ.மீ. போர்ட் கணக்குப் போடும் ஆப் சொன்னபடி 28.5 செ.மீ. நீளம். நேராக விட்டால் பின்பலகையில் முட்டுகிறது, அதனால் எல்போ போட்டு மடக்கியிருக்கிறேன்.

பிரச்சினை இதுதான். பாட்டில் பேஸ் கிட்டார் எங்கே இறங்கினாலும் ஒரே ‘பூம்’. படத்தில் வெடிச் சத்தம் வரும்போது வால்யூம் கூட்டினால் கோன் (ஸ்பீக்கரின் முன்னால் அதிரும் கூம்பு) டக் டக்கென்று அடிக்கிறது. கிராஸ்ஓவர், ஃபேஸ் செட்டிங் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று, இடத்தையும் மாற்றியாயிற்று. ஸ்பீக்கர் போயிற்றா?

பழைய_ஆம்ப்:
ஸ்பீக்கர் போகவில்லை தம்பி, இப்போதைக்கு. வால்யூமை மட்டும் குறைத்து வை. ஒரு கேள்வி: 32, 42, 30 என்பது வெளி அளவா, உள் அளவா?

ஹால்_தியேட்டர்:
வெளி அளவுதான் அண்ணா. டிவி ஸ்டாண்ட் பக்கத்தில் அடங்க வேண்டுமே.

பழைய_ஆம்ப்:
அப்படியென்றால் கணக்கைத் திரும்பப் போடுவோம். ஒவ்வொரு பக்கமும் இரண்டு பலகை, அதாவது 3.6 செ.மீ. கழிய வேண்டும். உள்ளே 28.4 × 38.4 × 26.4. பெருக்கினால் 28.8 லிட்டர்தான். பலகையே 11 லிட்டருக்கு மேல் தின்றுவிட்டது.

அதோடு முடியவில்லை. உள்ளே காற்று இருக்கும் இடம் மட்டும்தான் கணக்கு. ஸ்பீக்கரின் மேக்னட்டும் கூடையும் சுமார் 2 லிட்டர் அடைக்கும் (உன் தாளில் ‘டிஸ்ப்ளேஸ்மென்ட்’ என்று இருக்கும், பார்). குழாயின் வெளி விட்டம் 9 செ.மீ., உள்ளே நீட்டியிருப்பது ஏறக்குறைய 26.7 செ.மீ., அது 1.7 லிட்டர். குறுக்குக்கட்டை ஏதாவது உண்டா?

ஹால்_தியேட்டர்:
4 × 4 செ.மீ. கட்டை ஒன்று, அகலவாக்கில். ஸ்பீக்கர் 2 லிட்டர் என்றுதான் தாளிலும் இருக்கிறது.

பழைய_ஆம்ப்:
கட்டைக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக மிச்சம் 24.6 லிட்டர். 40 லிட்டருக்கு வெட்டிய குழாயை அதில் மாட்டினால் டியூனிங் 35-இல் நிற்காது. பெட்டி சுருங்கினால் டியூனிங் ஏறும், வர்க்கமூலத்தில். 40-ஐ 24.6-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.27 வரும். 35 × 1.27, கிட்டத்தட்ட 45 ஹெர்ட்ஸ். உன் ‘பூம்’ அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. டக் டக்குக்கும் காரணம் அதுவே. டியூனிங்குக்குக் கீழே போனால் பெட்டிக் காற்று கோனைப் பிடித்து நிறுத்தாது. 30 ஹெர்ட்ஸில் வரும் வெடிச் சத்தத்துக்குக் கோன் கட்டுப்பாடில்லாமல் ஓடி முட்டுகிறது.

வெளி_அளவு_விரோதி:
ஆசாரியைக் குறை சொல்ல முடியாது, அவர் கேட்டதைச் செய்து கொடுத்திருக்கிறார். அலமாரிக்கு வெளி அளவு, ஸ்பீக்கர் பெட்டிக்கு உள் அளவு. ஆர்டர் கொடுக்கும்போதே ‘உள் அளவு’ என்று பெரிதாக எழுதிவிட வேண்டும்.

ஹால்_தியேட்டர்:
கணக்கை நம்புகிறேன், ஆனாலும் பின்பலகையைக் கழற்றாமல் நிஜமாகவே அளந்து பார்க்க வழி உண்டா?

டிக்கி_பாஸ்:
ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு உள்ளே தண்ணீர் ஊற்றி அளந்தால் சரியாக வருமே.

வெளி_அளவு_விரோதி:
ஐயோ, வேண்டாம். எம்டிஎஃப் தண்ணீர் குடித்தால் அப்பளம் மாதிரி உப்பிவிடும், திரும்பப் பழைய நிலைக்கு வராது. ஃபைபர்கிளாஸ் பெட்டியாக இருந்தால் ஊற்றலாம். இதற்குத் தெர்மோகோல் குருணை போதும், பீன் பேக்கில் போடுவார்களே அது. ஒரு வாளியில் லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றி ஊற்றி வெளியே கோடு போட்டுக்கொள்ளுங்கள், பிறகு துடைத்துவிடுங்கள். பெட்டியைப் பின்பக்கமாகப் படுக்க வைத்து, போர்ட் வாயில் துணி அடைத்து, ஸ்பீக்கர் ஓட்டை வழியாகக் குருணையை நிரப்பித் தட்டித் தட்டி மட்டம் செய்யுங்கள். அப்புறம் வாளியில் அளந்து அளந்து வெளியே எடுங்கள். வந்த அளவில் ஸ்பீக்கரின் 2 லிட்டரைக் கழியுங்கள். மழைக்கால நாளில் செய்தால் நல்லது, வறண்ட நாளில் குருணை கையிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு உயிரை எடுக்கும். பொரியிலும் செய்வார்கள், எறும்பை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். திரும்ப ஸ்பீக்கரை மாட்டுமுன் வாக்குவம் போட்டு ஒரு குருணை கூட இல்லாமல் எடுத்துவிடுங்கள்.

பழைய_ஆம்ப்:
இடத்தை அளப்பது ஒரு பக்கம். டியூனிங் எங்கே நிற்கிறது என்று நேரடியாகவே பார்க்கலாம், இன்னும் சுலபம். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு ஆம்ப்பில் கொடு, சத்தம் குறைவாக. 60 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கீழே வா. கோனின் ஓரத்தையே பார். ஓரிடத்தில் கோன் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும், ஆனால் போர்ட்டில் காற்று பலமாக வரும். அதுதான் டியூனிங். 1961-இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் இந்தப் போர்ட் பெட்டிக் கணக்கையெல்லாம் கட்டுரையாக எழுதினார். அந்தக் கட்டுரையைப் படிக்காமலே இந்தச் சோதனையைச் செய்யலாம்.

ஹால்_தியேட்டர்:
இரண்டையும் செய்தேன். குருணை 26 லிட்டரும் கொஞ்சமும் வந்தது, ஸ்பீக்கரைக் கழித்தால் 24 சொச்சம். டோன் சோதனையில் போர்ட் வாயில் ஊதுபத்தி பிடித்துப் பார்த்தேன். 52-இல் கோன் நன்றாக ஆடியது, புகை லேசாகத்தான் அசைந்தது. 45 வந்ததும் கோன் அப்படியே நின்றுவிட்டது, புகை பிய்ந்து சிதறியது. 38-இல் மறுபடி கோன் பெரிதாக ஓட ஆரம்பித்தது. இப்போது குழாயை நீளமாக்கிவிட்டால் போதுமா?

பழைய_ஆம்ப்:
24.6 லிட்டரில் 35 வேண்டுமென்றால் குழாய் 50 செ.மீ.-க்கு மேல் போகும். அந்தக் குழாயே இன்னும் ஒன்றரை லிட்டர் அடைக்கும், அதற்காக மறுபடி நீட்ட வேண்டும். முடிவில்லாத வேலை. 75 மி.மீ. குழாய் போட்டால் 33 செ.மீ. வாக்கில் முடியும், ஆனால் 10 இன்ச் ஸ்பீக்கருக்கு அந்த ஓட்டை சின்னது. வால்யூம் வைத்தால் புஸ் புஸ்ஸென்று காற்றுச் சத்தம் கேட்கும். என்னைக் கேட்டால் பெட்டியைப் பெரிதாக்கு.

வெளி_அளவு_விரோதி:
ஆமாம், அதுவும் பழைய பின்பலகையை முழுதாகப் பிரிக்க வேண்டாம். அதில் 20 × 30 செ.மீ. ஜன்னல் ஒன்று வெட்டுங்கள், சுற்றிலும் மிச்சமிருக்கும் சட்டம் குறுக்குக்கட்டை வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதன் பின்னால் அதே அகல உயரத்தில், உள்ளே 13 செ.மீ. ஆழமுள்ள பெட்டி ஒன்றை ஒட்டி ஸ்க்ரூ போடுங்கள். ஜன்னல் வெட்டிய இடத்தில் 1 லிட்டர், புதுப் பெட்டியில் 14 லிட்டர், பழைய 24.6-ஓடு ஆகமொத்தம் 39 சொச்சம். ஒன்றிரண்டு லிட்டர் முன்பின் வந்தால் கவலைப்படாதீர்கள். 5 சதவீதம் தவறினால் டியூனிங் 1 ஹெர்ட்ஸ் கூட நகராது.

இதில் எல்போவையும் தூக்கிவிடலாம். நேரான 28.5 செ.மீ. குழாய் பழைய பின்பலகை இருக்கும் இடத்தில் முடியும், அதற்கு நேராக ஜன்னல் வரும்படி வெட்டுங்கள். குழாயின் வாய்க்கும் அடுத்த பலகைக்கும் இடையே குறைந்தது ஒரு விட்டம் இடம் வேண்டும், உங்களுக்கு 14 செ.மீ. கிடைக்கிறது.

ஹால்_தியேட்டர்:
டிவி ஸ்டாண்ட் பக்கத்தில் அவ்வளவு ஆழம் இடிக்காமல் இருந்தால் சரி. இடித்தால் வேறு வழி?

பழைய_ஆம்ப்:
இருக்கிறது. குழாயைக் கழற்றி ஓட்டையைக் காற்றுப் புகாமல் அடைத்துவிடு. 26 லிட்டர் மூடிய பெட்டியாகிவிடும். தாளில் கியூடிஎஸ் (Qts, ஸ்பீக்கர் தன் அதிர்வை எவ்வளவு அடக்கும் என்ற எண்) 0.4 பக்கம் இருந்தால் நன்றாகவே பாடும், பேஸின் ஆழம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அப்போது தலையணைப் பஞ்சு போட்டால் பெட்டி சற்றுப் பெரிதானது போல நடந்துகொள்ளும். போர்ட் பெட்டியில் பஞ்சைத் திணிக்காதே, சுவரில் மெல்லிசாக ஒட்டினால் போதும், குழாய் வாய்க்கு முன்னால் கூடவே கூடாது.

டிக்கி_பாஸ்:
நடுவில் ஒரு சந்தேகம். என்னுடையது கார் டிக்கியில் வைக்கும் சாய்வுப் பெட்டி, மேலே ஆழம் குறைவு, கீழே அதிகம். அதற்கு எப்படி?

வெளி_அளவு_விரோதி:
மேல் ஆழத்தையும் கீழ் ஆழத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, உயரத்தாலும் அகலத்தாலும் பெருக்குங்கள், எல்லாம் உள் அளவு. சாய்ந்த பலகையின் தடிமனைக் கிடைமட்டமாக அளங்கள், 18 மி.மீ.-யை விடச் சற்றுக் கூடுதலாக வரும். ஸ்பீக்கர் தாளில் கன அடி போட்டிருந்தால் 28.3-ஆல் பெருக்கி லிட்டராக்குங்கள்.

ஹால்_தியேட்டர்:
பின்பெட்டி ஒட்டி, மூட்டுகளில் சிலிக்கான் போட்டு ஒரு நாள் காயவிட்டு இப்போதுதான் மாட்டினேன். கோன் 36-இல் நிற்கிறது. பேஸ் கிட்டார் இறங்குவது தனித்தனியாகக் கேட்கிறது, டக் டக்கும் இல்லை. ஸ்டாண்டை 10 செ.மீ. தள்ளி வைத்தேன், வீட்டில் இன்னும் யாரும் கவனிக்கவில்லை.

பழைய_ஆம்ப்:
ஆம்ப்பில் சப்சானிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த ஹெர்ட்ஸை வெட்டும் வசதி) இருந்தால் 28 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்துவிடு. 35-க்குக் கீழே இந்தப் பெட்டியும் கோனைப் பிடிக்காது.