பழைய சர்வரின் பவர் சப்ளை ஃபேன் அலறுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவின் மண்டிக் கணக்கு முழுக்க ஒரு பழைய சர்வரில்தான் இருக்கிறது. ஒரு வாரமாக அதன் பவர் சப்ளை ஃபேன், காலையில் போட்டதும் கரகரவென்று அரைக்கிறது. சூடேறியதும் கீச்சென்று கத்துகிறது. தூசி ஊதியும் பயனில்லை. அணைத்துவிட்டு ஈர்க்குச்சியால் தள்ளிப் பார்த்தேன், இறக்கை லேசாக ஆடுகிறது. இறக்கையைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் தேய்ந்துவிட்டது போல.

40 மில்லிமீட்டர், 12 வோல்ட், மூன்று ஒயர். மூன்றாவது ஒயர் வேகத்தைச் சொல்வது. சத்தம் குறையட்டும் என்று மெதுவாகச் சுற்றும் ஃபேனைப் போட்டால், பழுது என்று எடுத்துக்கொண்டு சர்வர் நின்றுவிடுமோ? சூடும் ஏறுமே!

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கும், அதனால் நானே பிரிக்கத் துணியவில்லை. அதே வேகத்தில் பால் பேரிங் (உள்ளே குண்டுகள் உருளும் வகை) ஃபேன் சேலத்தில் எங்கே கிடைக்கும்? பக்குவமாக மாற்றித் தருபவர் யாராவது இருக்கிறார்களா? கணக்கை பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டேன். ஆனாலும் மனசு அடித்துக்கொள்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.