சந்தேகம்: ஊற வைத்தும் அமுக்கரா முளைக்கவில்லை

வேளச்சேரி மாடி: வணக்கம். அமுக்கரா (அஸ்வகந்தா), துளசி, சங்குப்பூ, கீழாநெல்லி நான்கையும் ராத்திரி முழுக்க ஊற வைத்து, குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பி விதைத்தேன். சங்குப்பூ அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. அமுக்கரா ஒன்றுகூட இல்லை. துளசி ஊறியதும் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி ஒட்டிக்கொண்டு பிரிக்கவே முடியவில்லை. விதை கெட்டதா, ஊற வைத்த விதமா? தண்ணீர் போர்வெல்தான். முளைப்பைத் தூண்டும் ஜிப்ரலிக் அமிலம் வாங்கலாமா?

விதைப்பெட்டி: நாலுக்கும் ஒரே வைத்தியம் ஒத்துவராது. துளசியை ஊற வைக்கவே வேண்டாம். காய்ந்த மணலோடு கலந்து மேலாகத் தூவுங்கள். கீழாநெல்லிக்கு வெளிச்சம் பட வேண்டும், மண் மூடினால் வராது. (நம் ஊரில் அதை யார் விதைக்கிறார்கள்? மழை பெய்தால் தொட்டியில் தானே வந்து நிற்கும்.)

சங்குப்பூவுக்குத் தோல்தான் தடை. தண்ணீர் உள்ளே போகாது. உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்துவிட்டு ஊற வையுங்கள். காலையில் பார்த்தால் சில விதை உப்பியிருக்கும், சில கல்லு மாதிரியே கிடக்கும். உப்பியதை உடனே விதையுங்கள், மற்றதை மறுபடி தேய்த்து ஊறப் போடுங்கள்.

வேளச்சேரி மாடி: அமுக்கரா? விதை பாரிமுனை நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது.

விதைப்பெட்டி: அங்கேதான் எனக்குச் சந்தேகம். மருந்துக்கு விற்கும் விதை எந்த வருஷத்துது என்று கடைக்காரருக்கே தெரியாது. கொஞ்சம் விதையை ஈர டிஷ்யூவில் சுற்றி டப்பாவில் வைத்துப் பாருங்கள். உயிர் இல்லாத விதைக்கு எந்த மருந்தும் உதவாது.

உரக்கடை அண்ணா: விதைக்கு உயிர் இருந்து உறக்கம்தான் (உயிரோடு இருந்தும் முளைக்காமல் கிடப்பது) கலையவில்லை என்றால் ஜிப்ரலிக் உதவும். ஆனால் அது தண்ணீரில் லேசில் கரையாது. 1 கிராமை முதலில் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்து, 1 லிட்டராக ஆக்கினால் 1000 பிபிஎம் (அதாவது லிட்டருக்கு 1000 மில்லிகிராம்). அதில் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்த்தால் 200. சமையல் தராசில் மில்லிகிராம் நிறுக்க முடியாது, அதனால்தான் இந்தச் சுற்றுவழி.

அதற்கு முன்னால் மலிவாக ஒன்று இருக்கிறது: 13-0-45 உரம். அது பொட்டாசியம் நைட்ரேட்தான். லிட்டருக்கு 2 கிராம் போதும். உப்பான போர்வெல் தண்ணீர் மட்டும் வேண்டாம், கேன் தண்ணீரில் கரையுங்கள். நார்க்கழிவையும் நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசுங்கள். அதிலேயே உப்பு இருக்கும்.

மாதவரம் தோட்டம்: பஞ்சகாவ்யா 3 சதவீதத்தில் 20 நிமிடம் நனைத்தால் போதுமே, ரசாயனம் எதற்கு?

உரக்கடை அண்ணா: நாற்று வீரியத்துக்குச் சரி, நானும் போடுவேன். விதை உறக்கத்துக்கு அதை நம்ப மாட்டேன்.

விதைப்பெட்டி: ஒன்று விட்டுவிட்டேன். ஊறிய விதையை எடுத்து வைக்கப் போகிறீர்கள் என்றால் ஊறுவதற்கு முன் இருந்த அளவுக்குக் காயும்வரை நிழலில் உலர்த்த வேண்டும். நம் ஊர் புழுக்கத்தில் தானாகக் காயாது, ஃபேனுக்கு அடியில் செய்தித்தாளில் பரப்புங்கள். மாடி வெயிலில் போட்டால் வெந்துவிடும். முளை தலைகாட்டிவிட்டால் உலர்த்தவே கூடாது.

வேளச்சேரி மாடி: சரி, 13-0-45 வீட்டிலேயே இருக்கிறது. டிஷ்யூவில் முளைத்தால் பாதி அமுக்கராவை அதில் ஊற வைத்தும், பாதியை வெறும் கேன் தண்ணீரிலும் போடுகிறேன்.

உரக்கடை அண்ணா: தட்டில் எது எதுவென்று எழுதி ஒட்டுங்கள். மார்க்கர் வெயிலில் அழிந்துவிடும், பென்சில்தான் நிற்கும்.