ஊருக்கு வரும் வழி: கடைசி 11 கிலோமீட்டர்

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ச் சொந்தங்கள் எல்லாருக்கும் சிங்கப்பூரிலிருந்து வணக்கம்.

இரண்டு மாதமாக வரும் மடல்களில் பாதி ஒரே கேள்விதான். "பிள்ளைகளோடு கோடியக்கரைக்குப் போக வேண்டும், எந்த வழியாகப் போவது?" டிசம்பரில் போய் வந்தவன் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். ஊர்க்காரனே ஊருக்கு வழி தவறிய கதையும் இதில் வரும். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இறங்காதீர்கள். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். சிதம்பரம், நாகை, வேளாங்கண்ணி என்று ஒவ்வோர் ஊராக ஊர்ந்து வருவதற்குள் பிள்ளைகள் வாந்தி எடுத்து ஓய்ந்துவிடுவார்கள். திருச்சியில் இறங்கினால் தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகச் சுமார் 170 கிலோமீட்டர்தான். தஞ்சாவூர் வரை நாலுவழிச் சாலை, அப்புறம் வயலும் வாய்க்காலும் வளைவும். நடுவில் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் உண்டா என்று கத்தாரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். உண்டு. திருத்துறைப்பூண்டி–அகஸ்தியன்பள்ளி 37 கிலோமீட்டர் பாதை அகலப்பாதையாகி 2023 ஏப்ரலில் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஆனால் மீட்டர் கேஜ் காலத்தைப் போலக் கோடியக்கரை வரை வராது. அகஸ்தியன்பள்ளியில் இறங்கி மிச்சத் தூரத்துக்குப் பஸ்ஸோ ஆட்டோவோ தேட வேண்டும். கையில் ஒரு பை என்றால் சரி, நாலு பெட்டி என்றால் வேண்டாம். அப்பா காலத்தில் ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்துக்கே வரும். பினாங்கிலிருந்து நாகை வருவதுகூடப் பெரிதில்லை, நாகையிலிருந்து வீடு வந்து சேருவதுதான் பாடு என்பார்.

வேதாரண்யத்தில் ஒரு டீ குடித்துவிட்டுத் தெற்கே திரும்பினால் கடைசி 11 கிலோமீட்டர். அகஸ்தியன்பள்ளி உப்பு சத்தியாகிரக நினைவுத்தூணைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்ட ராஜாஜியும் தொண்டர்களும் மாதக் கடைசியில் நம் பக்கம் வந்து உப்பு அள்ளினார்கள். நடந்தே வந்தார்கள். நாம் ஏ.சி. போட்டுக்கொண்டு வந்தும் இடுப்பு வலிக்கிறது என்கிறோம். அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் உப்பளம், அப்புறம் கோடிக்காடு, அப்புறம் நிஜக் காடு. கோடிக்காட்டுக் கோயில் சிவனான கோடிக் குழகரைப் பார்த்து, இந்தக் கடற்காற்றில் தனியாக இருக்கிறீரே, உமக்கு யார் துணை என்று சுந்தரர் கேட்டாராம். அவர் காலத்திலேயே நம் ஊருக்குப் பக்கத்து வீடு கிடையாது!

இந்தக் கடைசித் துண்டைப் பகலில் கடந்துவிடுங்கள். புள்ளிமானும் காட்டுப்பன்றியும் மட்டக்குதிரையும் ரோட்டைத் தங்கள் வீட்டுத் திண்ணையாக நினைத்துக்கொண்டிருப்பவை. வெளியூர் டிரைவர்களுக்கு இது தெரியாது.

எங்கள் டிரைவருக்கும் தெரியவில்லை. வேதாரண்யம் வரும்போதே இருட்டிவிட்டது. நான் பின்சீட்டில் தூங்கிவிட்டேன், தப்பு என்மேல்தான். அவர் போனில் மேப்பைப் பார்த்து, குறுக்கு வழி என்று நம்பி இடப்பக்கம் திருப்பியிருக்கிறார். கண் விழித்தால் வண்டி உப்பள வரப்பின்மேல் நிற்கிறது. மழைக்காலத்து உப்பளம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் எடுக்கப் பார்த்தார், சக்கரம் பாதிக்குமேல் களிமண்ணில் இறங்கிவிட்டது. சின்னவள் அழ ஆரம்பித்தாள்.

அரை மணி கழித்து, ஐஸ் பெட்டியோடு கடற்கரைக்குப் போன மீன் வண்டி ஒன்று எங்கள் விளக்கைப் பார்த்து ரோட்டோரம் நின்றது. இறங்கி வந்த பெரியவர் சேற்றையும் பார்க்கவில்லை, வண்டியையும் பார்க்கவில்லை. டார்ச்சை என் முகத்தில் அடித்து, "யாரு வூட்டுப் புள்ள நீ?" என்றார். ஆத்தா பெயரைச் சொன்னேன். "அட, அந்த ஆச்சி பேரனா! ஒனக்கே வழி தெரியலயா?" என்று கேட்டுவிட்டுத்தான் கயிறு எடுக்கப் போனார். வலைக் கயிற்றை மூன்று மடிப்பாகக் கட்டி இழுத்தார்கள். மூன்றாவது இழுப்பில் வண்டி வந்தது.

மறுநாள் காலையில் சக்கரத்துச் சேறு காய்ந்து, விபூதி பூசியதுபோல் வெளுத்திருந்தது. பையன் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, "அப்பா, நிஜமாவே உப்பு" என்றான்.

எந்த மாதம் வருவது என்பதற்கு என் யோசனை: ஜனவரி, பிப்ரவரி. மழை விட்டிருக்கும், சதுப்பில் பூநாரை நிற்கும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெளியூர் மீனவர்களும் வந்து தங்குவதால் கரையில் இடம் இருக்காது. காலா, வாவல், நீலக்கால் நண்டு எல்லாம் படகிலிருந்து நேராகச் சட்டிக்கு. கோடை விடுமுறையில்தான் முடியும் என்றால் வெயிலைப் பொறுத்துக்கொள்ளுங்கள், பாலை மரத்துப் பழமாவது கிடைக்கும். (உதடு ஒட்டும் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள். நமக்கு யார் சொன்னார்கள்?) ஆடி, தை அமாவாசைக்கு ஆதிசேது என்கிற நம் ஊர்க் கடலில் முழுக வருகிற கூட்டத்தில் கார் நகராது. முந்தின நாளே வந்துவிடுங்கள். நவம்பர் வேண்டவே வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது லைன் கிடைக்காமல் நாம் எல்லாரும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மறந்திருக்காது.

கடைசியாக ஓர் உதவி. அந்தப் பெரியவரிடம் பணம் நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். வண்டியில் ஏறப் போனவர் திரும்பி வந்து, "சிங்கப்பூர்லேர்ந்தா வர்ற? கோடாலித் தைலம் இருக்கா?" என்றார். வேதனை பாருங்கள், அந்தத் தடவை மட்டும் வாங்க மறந்திருந்தேன். இங்கிருந்து அடுத்து யார் கிளம்பினாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பெரிய புட்டியாக இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.