பழைய ஹார்ட் டிஸ்கில புது ஓஎஸ் போட்ட அனுபவம்

கிளிநொச்சி, கரடிப்போக்கில இருந்து:

2025 ஒக்டோபர் 14 ஓட விண்டோஸ் 10க்கு அப்டேட் நிண்டிட்டுது. ரியூசன் பிள்ளையள் பழகிற மூண்டு பழைய மெசினும் 11ஐ ஏற்காது. விண்டோஸுக்குப் பதிலா உபுண்டு எண்ட இலவச ஓஎஸ் போடுவம் எண்டு வெளிக்கிட்டன். முதல் மெசினில டிஸ்க் பழுது. வவுனியாவில பாவிச்ச 500 ஜிபி டிஸ்க் ஒண்டு வாங்கிப் பூட்டினன். இன்ஸ்டோலர் அதைக் காட்டவே இல்லை. மெசின் தொடங்கேக்க வாற பயோஸ் செட்டிங்கில தெரியுது. கேபிள் மாத்தினன். டிஸ்கின்ர முன்பக்கம் முழுக்கப் பூச்சியம் எழுதினன். அப்பவும் இல்லை. இடையில கரண்டும் போட்டுது.

விசயம் வால்ப்பக்கத்தில கிடந்தது. அது முந்தி ரெய்டில, அதாவது கன டிஸ்குகளை ஒண்டாச் சேர்த்து ஓடவிடுற முறையில, ஓடின டிஸ்க். இன்டெல் ரெய்ட் தன்ர அடையாளத்தை டிஸ்கின்ர கடைசியில எழுதும். டிஸ்கை எப்பிடிப் பிரிச்சிருக்கெண்டு குறிச்சு வைக்கிற ஜிபிடி முறையும் அந்தப் பார்ட்டிசன் அட்டவணையின்ர ஒரு பிரதியை அங்கதான் வைக்கும். முன்பக்கத்தை எவ்வளவு துடைச்சாலும் அது அசையாது. பென் டிரைவில உபுண்டுவை ஓடவிட்டு, டெர்மினலில வைப்எஃப்எஸ் (wipefs) எண்ட கட்டளையோட டிஸ்கின்ர பேரை மட்டும் குடுத்தா, கிடக்கிற அடையாளங்களைக் காட்டும், அழிக்காது. மைனஸ் ஏ (-a) சேர்த்தாத்தான் அழிக்கும். அடிச்சிட்டு ரீஸ்டார்ட் பண்ண டிஸ்க் வந்திட்டுது.

புதுக்குடியிருப்பில இருந்து:

நல்லாச் சொன்னியள் அண்ணை. ஆனா அழிக்க முதல் உள்ளுக்குப் பாருங்கோ. போன மாசம் ஒரு அக்கா லப்டொப் கொண்டு வந்தா. "உள்ள ஒண்டுமில்லைத் தம்பி, போர்மட் அடியுங்கோ" எண்டா. விண்டோஸின்ர டிஸ்க்பார்ட்டில (diskpart) டிஸ்கை வெறுமையாக்கிற கிளீன் (clean) கட்டளையை அடிச்சா நிச்சயமோ எண்டு ஒரு வார்த்தை கேக்காது. அதால நான் முதல் திறந்து பாக்கிறனான். டி டிரைவில, கனடாவில இருந்து மச்சாள் ஸ்கான் பண்ணி அனுப்பின படங்கள். அவவின்ர அப்பா சாரத்தோட கிணத்தடியில நிக்கிறார். 2009இல இடம்பெயரேக்க அல்பம் எல்லாத்தையும் பங்கருக்குள்ள விட்டிட்டு வந்தவையாம். படங்கள் போனில இருக்கெண்டு நினைச்சிருக்கிறா. போன் மாறி ரெண்டு வருசம்.

இப்ப ஆர் கொண்டு வந்தாலும் பக்கத்தில இருத்தி, ஒவ்வொரு போல்டராத் திறந்து காட்டித்தான் கை வைக்கிறன்.

வவுனியா, குருமன்காட்டில இருந்து:

ரெண்டு டிஸ்க் பூட்டின மெசினெண்டா மற்றதின்ர கேபிளைக் கழட்டிப்போட்டு வேலையைத் தொடங்குங்கோ. டிஸ்க் 0, டிஸ்க் 1 எண்டு நம்பரை நம்பி நான் ஒருக்கா மாறி அடிச்சனான். வெறும் கிளீன் எண்டபடியால் ரிக்கவரி மென்பொருள் போட்டு முக்கால்வாசி எடுத்தன். கிளீன் ஓல் அடிச்சிருந்தா முழு டிஸ்கிலயும் பூச்சியம் எழுதியிருக்கும், ஒண்டும் மிஞ்சாது.

கரடிப்போக்கில இருந்து:

அந்தப் புதுக்குடியிருப்புக் கதையை வாசிச்சிட்டுக் கனநேரம் யோசிச்சன். நான் துடைச்ச 500 ஜிபி ஆற்றையெண்டே தெரியாது. மூண்டாவது மெசின் பரந்தனில ஒரு வீட்டுக்காரர் பிள்ளையளுக்கெண்டு தந்தது. அது இன்னும் அடிக்கேல்லை. நாளைக்குப் பின்னேரம் அதையும் தூக்கிக்கொண்டு அவையின்ர வீட்டை போறன்.